வெளியீடு: குடும்பத்தினர்

எங்கடை ஊரிலை ஒராள் செத்தால் முப்பத்தொராம் நாள் ஒரு புத்தகம் வரும். காலமை கீரிமலையிலை அந்தியேட்டி முடிச்சு, வீட்டிலை மத்தியானச் சாப்பாடும் முடிஞ்சு, கையைத் துடைச்சுக்கொண்டு படலைக்குப் போற ஆக்களை மறிச்சு ஒரு எவர்சில்வர் கிண்ணத்தையும் அந்தப் புத்தகத்தையும் குடுத்துவிடுவினம். முன் மட்டையிலை செத்தவரின்ரை படம், கீழை ஒரு குத்துவிளக்கு. உள்ளுக்கை பதிகங்கள், வம்சாவளி, வாழ்க்கை வரலாறு, கடைசியிலை நன்றி. பின் மட்டையிலை சின்ன எழுத்திலை 'வெளியீடு: குடும்பத்தினர்' எண்டு இருக்கும். கல்வெட்டு எண்டுதான் எங்கடை ஆக்கள் அதுக்குப் பேர் சொல்லுறவை.

எங்கடை வீட்டு அலுமாரியிலை உது ஒரு அடுக்கு இருக்கு. எறியவும் ஏலாது, உள்ளுக்கை சாமி பாட்டு. வாசிக்கவும் ஏலாது, எல்லாத்திலையும் ஒரே ஆள்தான் செத்திருக்கிறார். அன்பான கணவர், பாசமிகு தந்தை, ஊருக்கு உழைச்ச உத்தமர். அதிலை ஒருத்தரும் குடிச்சதில்லை. ஒருத்தரும் கூடப்பிறந்தவனோடை வேலி எல்லைக்குச் சண்டை பிடிச்சுக் கோட்டுக்குப் போனதில்லை. முந்தி இதுகளைக் கண்டா எனக்குச் சிரிப்பு வரும். இப்ப வயிறு எரியுது.

ஏன் எரியுது எண்டு சொல்லுறன்.

நான் பண்டத்தரிப்புப் பக்கத்திலை ஒரு பள்ளிக்கூடத்திலை வரலாறு படிப்பிக்கிறனான். வேலையோடை வேலையா முதுமாணியும் படிச்சு முடிப்பம் எண்டு ஒரு ஆசை. சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டு, யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டிலை இறங்கி, திரும்ப இன்னொரு பஸ்ஸிலை தொங்கி, திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஒரு கடைக்கு மேல்மாடியிலை நடக்கிற தனியார் வகுப்புக்குப் போறனான். கீழை உடுப்புக் கடை, மேலை முதுமாணி. மின்விசிறி இரைச்சலிலை பாதி கேக்காது. எண்டாலும் எனக்கு அந்த வகுப்புப் பிடிச்சிருந்தது.

முக்கியமா சேரின்ரை வகுப்பு. என்ரை ஆய்வுக்கு மேற்பார்வையாளரும் அவர்தான். வெள்ளைச் சேட்டு, சட்டைப்பையிலை சிவத்த பேனை, ஆரையும் 'நீர்' எண்டு மரியாதையாக் கதைக்கிற மனுசன். ஆதாரங்களை எப்பிடிச் சோதிக்கிறது எண்டு அவர் ஒரு மாதம் படிப்பிச்சவர். எழுதினது ஆர், ஆருக்காக எழுதினவர், அதாலை அவருக்கு என்ன வந்தது, எதைத் தெரிஞ்சுகொண்டும் சொல்லாமல் விட்டவர், இதெல்லாத்தையும் கேளாமல் ஒரு வரியையும் நம்பாதையுங்கோ எண்டுவார். அச்சிலை இருக்கிறதாலை மட்டும் ஒண்டும் உண்மையாகாது எண்டுவார். எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. அடுத்த கிழமையே போய் என்ரை பத்தாம் வகுப்புப் பிள்ளையளுக்கும் அதையே படிப்பிச்சன்.

என்ரை ஆய்வு, இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த காலத்திலை எங்கடை பக்கத்து ஊருகளிலை தொடங்கின பாலர் பாடசாலையளைப் பற்றினது. தலைப்புக்கு ஆயிரம் நியாயம் எழுதிக் குடுத்தன். உண்மையான நியாயம் ஒண்டுதான், என்ரை சின்னம்மா. அம்மாவின்ரை தங்கச்சி. கலியாணம் கட்டாதவ, அண்டைக்கும் இண்டைக்கும் எங்களோடைதான் இருக்கிறா. எங்கடை ஊர்ப் பாலர் பாடசாலையைத் தொடங்கினது அவ. ஒழுங்கையிலை ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம், ஆனா ஒரு இடத்திலையும் எழுத்திலை இல்லை. அவவுக்கு அறுபது தாண்டிட்டுது. உயிரோடை இருக்கேக்கை ஒரு புத்தகத்திலை தன்ரை பேரைத் தன்ரை கண்ணாலை பாக்கட்டும் எண்டு நினைச்சன். அவ்வளவுதான் என்ரை பேராசை.

சனம் திரும்பி வந்த நேரம் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. தாய் தேப்பன் கிணறு கலக்கி இறைக்கிறதும் வேலி அடைக்கிறதுமாத் திரிய, சின்னனுகள் ஒழுங்கையிலை கிடந்து மண் விளையாடும். வளவுகளுக்கை என்ன கிடக்குது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அதுகள் கண்டதையும் தூக்கிக்கொண்டு வருங்கள். ஒருநாள் ஒரு பெடியன் வெடிக்காமல் கிடந்த ஒரு சாமானைக் கையிலை வைச்சு உருட்டிக்கொண்டு நிண்டதைச் சின்னம்மா கண்டவ. நல்ல காலம், ஒண்டும் நடக்கேல்லை. அடுத்த நாள் காலமை வீடு வீடாப் போய்ப் பிள்ளையளைக் கையிலை பிடிச்சுக்கொண்டு வந்து எங்கடை மாமரத்துக்குக் கீழை இருத்தினவ. அதுதான் பள்ளிக்கூடம்.

மாரி தொடங்க மரத்துக்குக் கீழை இருக்கேலாமல் போச்சு. அப்பதான் போஸ்ற்மாஸ்ரர் ஐயா தன்ரை புகையிலைக் குடிலைத் தந்தவர். அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர், சனசமூக நிலையத்துக்குக் கனகாலம் தலைவர். நல்ல மனுசன், அதை நான் ஒருநாளும் மறுக்கேல்லை. சும்மா கிடந்த குடில்தானே எண்டு திறப்பைக் கொண்டந்து சின்னம்மாவின்ரை கையிலை குடுத்தவர். சாகுமட்டும் அவவை 'ரீச்சர்' எண்டுதான் கூப்பிட்டவர். ஆனா குடில் குடுத்ததும் பள்ளிக்கூடம் தொடங்கினதும் ஒண்டே?

நானும் அந்தக் குடிலிலை இருந்து படிச்சனான்தான். வருசக்கணக்காப் புகையிலை தொங்கின சுவர், அந்த மணம் எங்கடை சட்டையிலை ஏறிவிடும். வீட்டை வந்தா அம்மா மோந்து பாத்துட்டு, எடி, சுருட்டுக் குடிச்சனியோ எண்டு பகிடி விடுவா. சின்னம்மா விடிய வாளியிலை தண்ணி கொண்டுபோய்த் தெளிச்சுக் கூட்டி, ஓலைப்பாய் விரிச்சு, கரித்துண்டாலை சிமெந்து நிலத்திலை பெரிசா 'அ' எழுதுவா. நாங்கள் அதுக்கு மேலை புளியங்கொட்டை அடுக்குவம். சம்பளம் எண்டு ஒரு சதம் இல்லை. ஆரும் அரிசி குடுத்தா அதையும் கஞ்சியாக் காய்ச்சி எங்களுக்கே பருக்கிப்போடுவா. பிறகு நிலைமை சீராக, சனசமூக நிலையம் பள்ளிக்கூடத்தைப் பொறுப்பெடுத்து, பயிற்சிச் சான்றிதழ் உள்ள ஒரு பிள்ளையைக் கொண்டந்து போட்டுது. சின்னம்மாவுக்கு ஒரு சேலை குடுத்து, கைதட்டி அனுப்பிவிட்டவை. அந்தச் சேலையை அவ ஒருநாளும் உடுத்து நான் காணேல்லை.

இதை எல்லாம் எழுதி அத்தியாயத்தை நீட்டினன். சேர் அடுத்த சனிக்கிழமை திருப்பித் தரேக்கை பக்கம் முழுக்கச் சிவப்பு. சின்னம்மாவின்ரை வாய்மொழி வாற இடமெல்லாம் கோடு. ஓரத்திலை 'ஆய்வாளரின் உறவினர்', 'சுயநலச் சார்பு', 'எழுத்து ஆதாரம் எங்கே?' எண்டு குறிச்சிருந்தார்.

கோவிக்காமல் விளங்கப்படுத்தினார். சொல்லுறவ உம்மடை சின்னம்மா. தான்தான் தொடங்கினனான் எண்டு சொல்லுறதாலை பெருமை அவவுக்கு. எழுதுற நீர் பெறாமகள். அப்ப உம்மடை நோக்கம் என்ன, பார்வை என்ன எண்டு வாசிக்கிறவன் கேக்கமாட்டானோ எண்டார். நானே அங்கை படிச்சனான் சேர் எண்டன். அஞ்சு வயசுப் பிள்ளையின்ரை ஞாபகத்தை ஆதாரம் எண்டு வைக்கேலுமே எண்டு சிரிச்சார். ஒழுங்கையிலை இன்னும் நாலு தாய்மாரைக் கேட்டனான் எண்டன். அவையும் சொந்தக்காரர்தானே எண்டார். எங்கடை ஒழுங்கையிலை சொந்தம் இல்லாமல் ஆர் இருக்கினம்? ஒரு தெருவிலை சொந்தத்துக்கை கட்டி, சொந்தத்துக்கை குடியிருக்கிற சனம். அதுக்காக அந்தச் சனம் கண்டது காணாததாப் போயிடுமே?

எழுத்திலை ஏதாவது கிடைக்குதோ எண்டு தேடும் எண்டார். எழுத்திலை எண்டா எங்கடை ஊரிலை என்ன இருக்கு? இடம்பெயர்ந்ததிலை பதிவுகள் எல்லாம் போச்சு. இருக்கிறது கோயில் மலரும், அலுமாரிக்குள்ளை இருக்கிற கல்வெட்டுகளும்தான். போஸ்ற்மாஸ்ரர் ஐயா செத்து ஆறேழு வருசம். அவரின்ரை கல்வெட்டை எடுத்துக்கொண்டு போனன், அதிலை குடில் தந்த கதையாவது இருக்குமெண்டு. பஸ்ஸிலை போகப் போகத்தான் பிரிச்சுப் பாத்தன். ஐயாவை நிறுவுநர் எண்டு போட்டிருந்தினம். சின்னம்மாவின்ரை பேர் மருந்துக்கும் இல்லை.

நான் அதைக் காட்டினது, பாருங்கோ சேர், இப்பிடித்தான் மறைக்கினம் எண்டு சொல்ல. சேர் அதை வாங்கி வாசிச்சார், முகம் மலர்ந்துபோச்சு. உதைத்தானே இவ்வளவு நாளும் கேட்டனான் எண்டார். நீங்கள் படிப்பிச்ச கேள்வியளை இந்தப் புத்தகத்தைக் கேளுங்கோவன் சேர் எண்டன். எழுதினது குடும்பம். வாசிக்கிறது சாப்பிட வந்த சனம். எழுதினதே செத்தவரைப் புகழ. இதுக்கு மேலை ஒரு சார்பு வேணுமே?

அவர் புத்தகத்தை மூடி மேசையிலை வைச்சார். "புகழுறது வேறை பிள்ளை, பொய் சொல்லுறது வேறை. என்ரை அப்பாவின்ரை கல்வெட்டு நான்தான் எழுதினனான். அதிலை ஒரு சொல் பொய் இல்லை."

செத்துப்போன தேப்பனைக் கொண்டந்து நடுவிலை நிப்பாட்டிப்போட்டார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் விசரைக் கிளப்புது. உலகத்திலை எல்லாரின்ரை எழுத்தையும் சந்தேகப்படலாம், சாப்பாட்டுக்குப் பிறகு கிண்ணத்தோடை குடுக்கிற எழுத்தை மட்டும் சந்தேகப்படக் கூடாது. அப்பிடி ஒரு சட்டம் எங்கடை ஆக்களின்ரை மண்டைக்குள்ளை இருக்கு, படிச்சவனுக்கும் படியாதவனுக்கும் பொது. நானும் அந்தச் சட்டத்துக்குள்ளை வளர்ந்தவள்தான். அதாலைதான் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனனான்.

வீட்டை வந்து பையை எறிஞ்சன். பின்னேரம், சின்னம்மா குசினி வாசலிலை சுளகோடை இருந்து முருங்கை இலை ஆய்ஞ்சுகொண்டிருந்தா. இஞ்சை பாருங்கோ சின்னம்மா, உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கினம் எண்டு, இல்லாட்டி என்ன எழுதாமல் விட்டிருக்கினம் எண்டு கேளுங்கோ எண்டு கத்திக்கொண்டு அந்தப் பந்தியை வாசிக்கத் தொடங்கினன். "பிஞ்சு உள்ளங்களில் கல்வி விளக்கேற்றும் பெருநோக்கோடு அன்னார் தமக்குச் சொந்தமான காணியில் பாலர் பாடசாலையொன்றை நிறுவி..." கோவத்திலை மூச்சு வாங்க நிப்பாட்டினன்.

சின்னம்மா இலையிலை இருந்து கண்ணை எடுக்கேல்லை. "அதன் வளர்ச்சிக்காகத் தம் இறுதிமூச்சுவரை அயராது உழைத்தார்."

உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேட்டன். நான்தானே எழுதினது எண்டா.

அவ ஒண்டுமே நடக்காத மாதிரி நெட்டை ஒரு பக்கம், இலையை ஒரு பக்கம் எண்டு பிரிச்சுக்கொண்டே சொன்னா. ஐயா செத்து அந்தியேட்டி கிட்டிவர, அச்சுக்காரன் வாழ்க்கை வரலாற்றைக் கேட்டு நிண்டிருக்கிறான். பிள்ளையள் எல்லாரும் கனடாவிலை பிறந்து வளர்ந்த மாதிரித்தான், நாலு வரி தமிழ் எழுத வராது. மருமகன் வந்து, ரீச்சர், உங்கடை தமிழ் நல்லது, நீங்கள்தான் எழுதித் தரவேணும் எண்டு கேட்டிருக்கிறான். மாமா தொடங்கின பாலர் பாடசாலையைப் பற்றியும் ஒரு பந்தி வரட்டும் எண்டும் சொன்னவனாம். பக்கத்திலை ஐயாவின்ரை மனுசி கதிரையிலை சரிஞ்சு கிடந்து அழுதுகொண்டிருந்தவவாம்.

"செத்தவீட்டிலை போயிருந்து, உது நான் தொடங்கினது, உங்கடை மனுசன் இல்லை எண்டு சொல்லேலுமே? அந்த மனுசியின்ரை முகத்தைப் பாத்து நீ சொல்லுவியே?"

நான் சொல்லியிருப்பன் எண்டன். அவ என்னை ஒருக்கா நிமிர்ந்து பாத்தா. நான் சொல்லியிருக்கமாட்டன் எண்டு ரண்டு பேருக்கும் தெரியும். எங்கடை ஊரிலை ஆரும் சொல்லியிருக்கமாட்டினம். செத்தவீட்டுக்குப் போனா வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டுக்கொண்டுதான் போறது. கடன் குடுத்தவனும் அங்கை தேத்தண்ணி குடிச்சுப்போட்டு, நல்ல மனுசன் எண்டு சொல்லிப்போட்டு வருவான். அது பொய் எண்டு அங்கை ஒருத்தரும் நினைக்கிறதில்லை. சின்னம்மாவும் அப்பிடித்தான் எழுதியிருக்கிறா. சாப்பிட்டுப்போட்டுப் போற சனத்துக்கு எழுதினது, ஆர் அதைப் பிறகு ஆராய்ச்சிக்கு எடுக்கப்போகினம் எண்டு நினைச்சன் எண்டா. சொல்லிப்போட்டுச் சிரிக்கவும் செய்தா.

எனக்குச் சிரிப்பு வரேல்லை. ஆத்திரம்தான் வந்தது. சேரிலை இல்லை, அவவிலை. ஒரு சொல்லு, ஒரேயொரு சொல்லு, 'உதவினார்' எண்டு போட்டிருக்கலாம். ஏன் 'நிறுவி' எண்டு போட்டனீங்கள் எண்டு சண்டை பிடிச்சன். 'உதவினார்' எண்டா ஆருக்கு உதவினவர் எண்டு கேப்பினம், அப்ப என்ரை பேரை நானே எழுதவேணும், அது வடிவே எண்டா. தமிழ் நல்லாத் தெரிஞ்ச ஆளின்ரை கரைச்சல் அதுதான். வசனம் வடிவா வரவேணும் எண்டு தன்னையே தூக்கி வெளியிலை போட்டிட்டா. அண்டிரவு நான் அவவோடை கதைக்கேல்லை. முருங்கை இலை வறையும் தொடேல்லை.

எண்டாலும் ஒரு நப்பாசை இருந்தது. இப்ப என்னட்டைப் பெரிய துருப்பு இருக்கு எண்டு நினைச்சன். அடுத்த சனிக்கிழமை பஸ்ஸிலை நிண்டபடியே வசனங்களை ஒத்திகை பாத்துக்கொண்டு போனன். சேர், நீங்கள் நம்புற அந்தப் புத்தகம் குடும்பம் எழுதினதே இல்லை. எழுதினது என்ரை சின்னம்மா, செத்தவீட்டு மரியாதைக்காகத் தன்னை மறைச்சு எழுதினது. எழுதினவவே இப்ப உயிரோடை இருந்து அது உண்மையில்லை எண்டு சொல்லுறா. இதுக்கு மேலை ஒரு ஆதாரத்துக்கு என்ன மதிப்பு இருக்கு? ஒரு மூச்சிலை சொல்லி முடிச்சன்.

சேர் உண்மையாவே பிரமிச்சுப்போனார். பேனையை மூடினார், திறந்தார். நான் வெண்டுட்டன் எண்டு நினைச்சன்.

"அப்ப இது இன்னும் பலமான ஆதாரமெல்லே பிள்ளை," எண்டார். "தனக்குப் பெருமை வரக்கூடிய இடத்திலை, தன்னை விட்டுட்டு இன்னொராளின்ரை பேரை எழுதியிருக்கிறா. தன்ரை நலனுக்கு எதிரா ஒராள் எழுதினா அதைத்தான் நாங்கள் முதல் நம்பவேணும். நான் படிப்பிச்சது நினைவிருக்கே?"

நினைவிருந்தது. கொப்பியிலை கோடு போட்டு எழுதி வைச்சிருந்தனான். நல்ல விதிதான் அது. கள்ளன் தன்னைக் கள்ளன் எண்டா நம்பலாம் எண்டதுக்கு ஆரோ செய்த விதி. சங்கையுள்ள ஒரு மனுசி, அழுற ஒரு மனுசிக்காகத் தன்ரை பேரை விழுங்கினா அந்த விதி என்ன செய்யும் எண்டு ஆரும் யோசிக்கேல்லை. நான் அதைச் சொல்லிப் பாத்தன். அது உணர்ச்சி எண்டார். இப்ப அவ மாத்திச் சொல்லுறது பெறாமகள் ஆய்வு செய்யத் தொடங்கின பிறகு எண்டதையும் கவனியும் எண்டார். கவனிச்சன். கீழை உடுப்புக் கடையிலை தீபாவளிக் கழிவு விலை எண்டு ஒலிபெருக்கியிலை கத்திக்கொண்டிருந்தாங்கள்.

அவரின்ரை கையெழுத்து இல்லாமல் ஆய்வு போகாது. மாத்தினன். போஸ்ற்மாஸ்ரர் ஐயா நிறுவுநர், சின்னம்மா 'ஆரம்பகால ஆசிரியைகளுள் ஒருவர்'. ஒருவர் எண்டா மற்ற ஆக்கள் ஆர் எண்டு என்னைக் கேக்காதையுங்கோ, அவவும் கரித்துண்டும்தான். அடிக்குறிப்பிலை கல்வெட்டின்ரை விபரத்தைப் போட்டன். எழுதியவர் எண்ட இடத்திலை சின்னம்மாவின்ரை பேரைப் போடப் பாத்தன். அச்சிலை இருக்கிறதைத்தான் போடவேணும் எண்டு சேர் அதையும் திருத்திவிட்டார். 'வெளியீடு: குடும்பத்தினர்' எண்டு போட்டன்.

நல்ல புள்ளி கிடைச்சது. ஆதாரங்களைக் கையாண்ட விதத்துக்குப் பாராட்டு எண்டு தனியா ஒரு வரியும் எழுதியிருந்தினம்.

சின்னம்மா அதை வாசிக்கக் கேட்டவ. நான் அந்தப் பக்கத்தை மட்டும் காட்டாமல் விடப் பாத்தன், விடேல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடிக்குறிப்புவரைக்கும் வாசிச்சா. விரலாலை அந்த வரியைத் தொட்டு, "நான் எப்ப தொடக்கம் அவையின்ரை குடும்பம்?" எண்டா. பகிடியாத்தான் கேட்டவ. எனக்குச் செத்துப்போகலாம் போலை இருந்தது.

இதோடை முடிஞ்சிருந்தா நான் இதை எழுதியிருக்கமாட்டன். இந்த வருசம் ஐயாவின்ரை பிள்ளையள் கனடாவிலை இருந்து காசு அனுப்பி, பழைய குடிலை இடிச்சுப்போட்டுப் பாலர் பாடசாலைக்குப் புதுக் கட்டிடம் கட்டுவிச்சினம். மேல்மாடி, ஊஞ்சல், சுவரிலை முயலும் யானையும். வாசலிலை பதிக்கக் கறுப்புக் கல்லும் வந்து இறங்கிட்டுது. திறப்புவிழாவுக்குக் கிட்ட, சனசமூக நிலையத்தின்ரை இப்பத்தைத் தலைவரும் செயலாளரும் மோட்டச்சைக்கிளிலை எங்கடை வீட்டை வந்தினம். தேத்தண்ணி குடிச்சினம். பிறகு செயலாளர் பையுக்கை இருந்து ஒரு கட்டுக் கடுதாசியை எடுத்து மேசையிலை வைச்சார். பாத்தா, என்ரை ஆய்வின்ரை போட்டோக்கொப்பி.

அவைக்குச் சரியான பெருமை. உங்கடை பெறாமகளே ஆராய்ச்சி செய்து எழுதியிருக்கிறா ரீச்சர், ஐயாதான் நிறுவுநர் எண்டு அதிலை ஆதாரத்தோடை இருக்கு, கல்லிலையும் அதைப் பாத்துத்தான் பொறிக்கக் குடுத்தனாங்கள் எண்டு தலைவர் சொன்னார். அவ எழுதினதை நான் எடுத்தன், நான் எழுதினதை அவை எடுத்தினம். இனி ஆராவது ஒரு பிள்ளை வந்து அந்தக் கல்லைப் பாத்து எழுதும். ஒரு மனுசி ஒரு செத்தவீட்டிலை சொன்ன ஆறுதல் வார்த்தை, மூண்டு கை மாறி உண்மையாகிட்டுது. ஒருத்தரும் பொய் சொல்லேல்லை எண்டதுதான் இதிலை உள்ள கொடுமை.

வந்த விசயம் அதில்லை. விழா மலருக்குப் பாடசாலையின்ரை வரலாறு வேணுமாம். ரீச்சரின்ரை தமிழ் நல்லது, ரீச்சர்தான் எழுதவேணுமாம். பேர் போடத் தேவையில்லை, நிலையத்தின்ரை பேரிலை வரட்டுமாம். சின்னம்மா ஓம் எண்டா.

அவை படலையைச் சாத்திக்கொண்டு போகுமட்டும் பொறுத்தன். பிறகு வெடிச்சன். இந்த முறை எழுதுங்கோ எண்டன். மாமரம், கரித்துண்டு, கஞ்சி, அந்தப் பெடியனின்ரை கையிலை இருந்த சாமான், எல்லாத்தையும் எழுதுங்கோ. இது செத்தவீடு இல்லை. அழுறதுக்கு இஞ்சை ஒருத்தரும் இல்லை. நான்தான் தொடங்கினனான் எண்டு எழுதுங்கோ, அச்சிலை வரட்டும், கல்லை அவை பிறகு மாத்தட்டும் எண்டன். என்ரை குரல் ஒழுங்கைக்குக் கேட்டிருக்கும்.

சின்னம்மா ஆறுதலா ரம்ளர்களை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்து வைச்சா. வந்து மேசையடியிலை இருந்தா.

"நானே என்னைப் பற்றி எழுதினா, தன்ரை புழுகத்தைத் தான் எழுதியிருக்கிறா எண்டுவினம். உங்கடை சேரும் அதைத்தானே சொன்னவர்?"

நான் எழுதுறன், மலருக்கு இல்லாட்டியும் ஒரு புத்தகமா எழுதுறன் எண்டன்.

"நீ எழுதினா, பெறாமகள் எழுதினது எண்டு வெட்டுவார். நான் செத்தா முப்பத்தொண்டுக்குப் புத்தகம் அடிக்க எனக்கொரு பிள்ளையும் இல்லை. நீ அடிப்பாய், தெரியும். அதையும் அப்பிடித்தான் சொல்லுவினம். ஆனா ஐயாவுக்கு நான் எழுதினதை எல்லாரும் நம்புகினம். அப்ப சொல்லு பிள்ளை, நீ படிச்சவள்தானே. என்னைப் பற்றி ஆர் எழுதினா நம்புவினம்?"

அவ கோவமாக் கேக்கேல்லை. கோவமாக் கேட்டிருந்தா நானும் திருப்பிக் கத்தியிருப்பன். உண்மையாவே தெரிஞ்சுகொள்ள ஆசைப்பட்ட மாதிரி என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டிருந்தா. எத்தினை சனிக்கிழமை பஸ்ஸிலை தொங்கிப் படிச்சனான், எத்தினை கேள்வி கொப்பியிலை இருக்கு.

சின்னம்மா, அவை வைச்சிட்டுப் போன வெள்ளைத்தாளைக் கிட்ட இழுத்தா. கண்ணாடியைப் போட்டா. மேலை வழமைபோலை ஒரு பிள்ளையார் சுழி போட்டிட்டு, 'அன்னார்' எண்டு எழுதத் தொடங்கினா.